சேர்ந்த சில வாரங்களிலேயே ‘இந்த வேலை நமக்கு ஒத்துவராது’ என்று தெரிந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் தனியார் நிறுவனங்களின் பணியாளர் துறையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆட்களைச் சேர்ப்பதும், சேர்ந்தவர்களில் சிலரை மூன்றாம் மாதத்திலேயே வழியனுப்பிவைப்பதும் என் அன்றாட வேலை. சேர்ந்த சில நாட்களிலேயே மனம் கசந்துபோனவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டுத் தனியார் வேலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அரசு வேலையைப் பற்றி ஒரேயொரு கேள்வி கடைசிப் பகுதியில் இருக்கிறது.

சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் இப்படித் தோன்றலாமா?

தோன்றுவதில் தவறில்லை, முடிவெடுப்பதற்குத்தான் பத்து நாள் போதாது. முதல் இரண்டு வாரங்களில் மனத்தை உறுத்தும் சங்கடங்களில் பெரும்பாலானவை வேலையால் வருபவை அல்ல. கணினிக்கு அனுமதி வராமல் நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்திருப்பது, மதியம் யாருடன் போய் உட்காருவது என்று தெரியாமல் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது, பழைய அலுவலகத்தில் ஒரு குரல் கொடுத்தால் நடந்த காரியத்துக்கு இங்கே யாரைக் கேட்பது என்றே தெரியாமல் விழிப்பது ஆகியவை எல்லோருக்கும் நேர்பவை. ஒரு மாதத்தில் தாமாகவே கரைந்துவிடுபவை.

நான் பார்த்தவரையில் அடையாளம் இதுதான்: புதிது என்பதால் வரும் சங்கடம் நாளாக நாளாகக் குறையும், வேலையே தவறு என்றால், உள்விவரம் தெரியத் தெரிய அது கூடும். இதை ஞாபகத்தை மட்டும் நம்பி அளக்க முடியாது. ஆகவே ஒரு சிறிய நோட்டில், தேதி போட்டு, அன்றைக்கு எது உறுத்தியது என்பதை இரண்டு வரி எழுதிவையுங்கள். அலுவலகக் கணினியில் எழுத வேண்டாம். முப்பதாம் நாள் அதை எடுத்துப் படித்தால், முதல் வாரத்தில் எழுதியவற்றில் பாதி உங்களுக்கே சிரிப்பைத் தரும். மீதிப் பாதியைத்தான் கவனிக்க வேண்டும்.

வேலை பிடிக்கவில்லை என்பதையும் வேலை தவறு என்பதையும் எப்படிப் பிரித்தறிவது?

செய்கிற வேலை, வேலை வாங்குகிறவர், வேலையைச் சுற்றியுள்ள நிலைமைகள் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலந்துதான் பெரும்பாலானவர்கள் ‘பிடிக்கவில்லை’ என்கிறார்கள். தாம்பரத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இரண்டு பேருந்து மாறி வந்துகொண்டிருந்த ஒருவர், கணக்குப் பிரிவில் சேர்ந்த ஐந்தாம் வாரம், இந்தத் துறையே தனக்கு வேண்டாம் என்று சொன்னார். காலை ஆறரைக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புகிறவருக்கு எந்தத் துறையும் வேண்டாம் என்றுதான் தோன்றும். பாடியில் நண்பரோடு அறை எடுத்துத் தங்கிய பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. இன்றைக்கு அவர் அதே பிரிவில் மூத்தவர்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மேலாளர் தங்கமானவர், சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஆனாலும் வேலை கசக்கிறது. இப்படிப்பட்டவர்கள்தான் தங்களுக்கே தாங்கள் துரோகம் செய்வதாக நினைத்து வெளியில் சொல்லாமல் புழுங்குகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை காலையை விட்டுவிடுங்கள், அது யாருக்கும் பிடிக்காது. புதன்கிழமை மதியம் மூன்று மணி, யாருடைய தொந்தரவும் இல்லை, உங்களை எதற்காக எடுத்தார்களோ அந்த வேலையையே செய்துகொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எப்படி இருக்கிறது? அப்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், தவறு வேலையில்தான் இருக்கிறது. இருக்கையை மாற்றினாலும் மேலாளரை மாற்றினாலும் அது சரியாகாது.

நேர்காணலில் சொன்ன வேலை ஒன்று. கொடுத்திருக்கும் வேலை வேறு. என்ன செய்வது?

என்னிடம் வரும் புகார்களில் இதுவே அதிகம். இயந்திரப் பொறியியல் படித்த ஒரு பெண்ணை ‘டிசைன் இன்ஜினியர்’ என்று ஆஃபர் லெட்டர் கொடுத்து எடுத்திருந்தார்கள். சேர்ந்த நாளிலிருந்து அவருக்குக் கிடைத்ததோ ஒரு தொலைபேசியும், கொட்டேஷன் அனுப்பப்பட்ட வாடிக்கையாளர்களின் பட்டியலும்தான். வரைபட மென்பொருளைத் திறக்கவே அவருக்கு அனுமதி தரப்படவில்லை. பின்னால் விசாரித்தபோது தெரிந்தது, யாருடைய இடத்துக்கு இவரை எடுத்தார்களோ அந்தப் பழைய டிசைனர் தம் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டார். காலியிடம் காணாமல் போய்விட்டது. ஆள் மட்டும் வந்துவிட்டார். யாரும் இதை அவரிடம் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட நிலையில் சட்டம் பெரிதாகக் கைகொடுக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகளையும் செய்ய வேண்டும்’ என்ற வரி ஏறத்தாழ எல்லா ஆஃபர் லெட்டர்களிலும் இருக்கும். அது இருப்பதே இதற்காகத்தான். ஆனால் எழுத்துக்கு வேறொரு பலம் உண்டு. எந்தப் பதவிக்கு, எந்த வேலைக்கு எடுக்கப்பட்டீர்கள் என்பதை ஆஃபர் லெட்டரிலும் விளம்பரத்திலும் உள்ள வாசகத்தோடு, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், மேலாளருக்கு மின்னஞ்சலாக அனுப்பி, அந்த வேலை எப்போதிலிருந்து கிடைக்கும் என்று கேளுங்கள். ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தால் தேதி கேளுங்கள். தேதி சொல்கிறவர்களிடம் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம். அந்தப் பெண்ணுக்கு ‘இன்னும் ஆறு மாதம் போகட்டும்’ என்று பதில் வந்தது; மறுவாரமே அவர் வேறு இடம் தேடத் தொடங்கினார். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். டிசைன் வேலையைத் தொடாமல் கழியும் ஓராண்டு, அடுத்த நேர்காணலில் பதில் சொல்ல முடியாத ஓராண்டு ஆகிவிடும்.

ஒரு மாதம்கூடப் பொறுக்காமல் உடனே கிளம்ப வேண்டிய சூழ்நிலை உண்டா?

உண்டு. என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் சேர்ந்தேன். ஆள் எடுக்கும் வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். மூன்றாம் வாரத்தில், ஒப்பந்தத் தொழிலாளர்களின் சம்பளப் பதிவேட்டைக் கையில் கொடுத்து, எல்லோரிடமும் ரேகை வாங்கிவரச் சொன்னார்கள். பதிவேட்டில் பெயர் இருந்தது, நாட்கள் இருந்தன, தொகைக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஊதா மைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்தேன். முதலில் வந்த வயதான அம்மா பெருவிரலை மையில் ஒற்றிவிட்டு, ‘எவ்வளவு தம்பி போட்டிருக்கு?’ என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிவேட்டை அப்படியே மூடிக் கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தேன். இருபத்து மூன்றாம் நாள் விலகினேன். அந்த மாதச் சம்பளம் கைக்கு வரவில்லை. வராததைப் பற்றி இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

உங்கள் கையெழுத்தை ஒரு பொய்க்கு நேராகப் போடச் சொல்லும் இடத்தில் முப்பது நாள் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். முதல் மாதச் சம்பளமே தேதிக்கு வராமல், கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்லப்படும் இடமும் அப்படித்தான். பாதுகாப்பு இல்லாத இயந்திரத்தில் கைவைக்கச் சொல்லும் இடமும் அப்படித்தான். பாலியல் தொல்லை என்றால், விலகுவதோடு புகாரையும் விட்டுவிடாதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். வேலையை விட்டுவிட்டதால் அந்த உரிமை போய்விடாது.

தகுதிகாண் காலத்தில் இருக்கிறேன். இது எனக்குச் சாதகமா, பாதகமா?

விலக நினைப்பவருக்குச் சாதகம். ‘ப்ரொபேஷன்’ என்பதை நிறுவனம் நம்மைச் சோதிக்கும் காலம் என்று மட்டுமே எல்லோரும் புரிந்துவைத்திருக்கிறார்கள். நாமும் நிறுவனத்தைச் சோதித்துப் பார்க்கும் காலம் அது. பல நிறுவனங்களில் தகுதிகாண் காலம் மூன்று முதல் ஆறு மாதம். அந்தக் காலத்தில் நோட்டீஸ் பதினைந்து நாளோ முப்பது நாளோதான் இருக்கும். பணி உறுதி செய்யப்பட்டதும் அது அறுபதாகவும் தொண்ணூறாகவும் ஏறிவிடும். ஆகவே உறுதிக் கடிதம் வரும் நாளை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு, முடிவை அதற்கு முன்னால் எடுங்கள். தகுதிகாண் காலத்தை நீட்டும் உரிமையைச் சில கடிதங்கள் நிர்வாகத்துக்குக் கொடுக்கும். வேறு சிலவற்றில் எழுத்தில் உறுதி செய்யும் வரை அது தொடர்வதாக இருக்கும். உங்கள் கடிதத்தில் எது இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

பாதகமும் ஒன்று உண்டு. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நீக்கக்கூடாது என்கிறது. ஆறு மாதம் முடியாதவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நீங்கள் விலக யோசித்துக்கொண்டிருப்பது தெரிந்து அவர்களே முந்திக்கொண்டால், கடிதத்தில் உள்ள நோட்டீசை மட்டுமே நீங்கள் கேட்க முடியும்.

மேலாளரிடம் முதலில் வாய்விட்டுப் பேசலாமா? பேசினால் வெளியே அனுப்பிவிடமாட்டார்களா?

குறை தீரக்கூடியது என்றால் பேசுங்கள். தீராதது என்றால் அடுத்த வேலை கையில் வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம். ஷிஃப்ட், குழு, பயிற்சி, வேலையின் அளவு ஆகியவை பேசினால் மாறக்கூடியவை. ஒருவரை எடுக்க நிறுவனம் செலவழித்த பணமும் நேரமும் வீணாவதை எந்த மேலாளரும் விரும்பமாட்டார் என்பதால், ஆறாம் வாரத்தில் கேட்பவருக்குக் கிடைக்கும் சலுகை ஆறாம் மாதத்தில் கேட்பவருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் ‘எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை’ என்று தொடங்காதீர்கள். அதற்கு யாரிடமும் பதில் இருக்காது. ‘காலையில் கொஞ்ச நேரம் வரைபட வேலை கொடுத்தால், மற்றதையும் பார்த்துக்கொள்கிறேன் சார்’ என்பதற்குப் பதில் சொல்ல முடியும்.

நோட்டீஸ் காலம் முழுவதும் இருந்தே தீர வேண்டுமா?

தனியார் வேலையில் நோட்டீஸ் என்பது பெரும்பாலும் நீங்களும் நிறுவனமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனை. அதை மீறினால் ஒப்பந்த மீறல், குற்றம் அல்ல. காவல் நிலையத்தில் புகார் கொடுப்போம் என்று மிரட்டுகிறவர்கள் உங்களுக்குச் சட்டம் தெரியாது என்ற நம்பிக்கையில் பேசுகிறார்கள். 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டப்படி, ஒருவரின் தனிப்பட்ட உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி நீதிமன்றம் அவரைக் கட்டாயப்படுத்தாது. அதாவது, உங்களைப் பிடித்து உட்காரவைத்து வேலை வாங்க யாராலும் முடியாது. இழப்பீடு கேட்க மட்டுமே முடியும்.

அந்த இழப்பீடு நடைமுறையில் எஞ்சிய நாட்களுக்கான சம்பளப் பிடித்தமாக வரும். பல கடிதங்களில், எஞ்சிய நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டு முன்கூட்டியே விலகும் ‘பை-அவுட்’ வசதி இருக்கிறது; ஆனால் ‘நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டு’ என்ற சொற்களும் பக்கத்திலேயே இருக்கும். பிடித்தம் முழுச் சம்பளத்திலா, அடிப்படைச் சம்பளத்திலா என்பதைப் பாருங்கள். தொகையில் பெரிய வித்தியாசம் வரும். சேரும்போது ஜாய்னிங் போனஸ் வாங்கியிருந்தால், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும். அந்தப் பணத்தில் வண்டிக்கு முன்பணம் கட்டியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

கணக்கு முடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் வரும் என்பது அலுவலகங்களில் ஊறிப்போன வழக்கம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்போ, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியப் பாக்கியைத் தந்துவிட வேண்டும் என்கிறது. வழக்கம் சட்டத்துக்கு இணங்கக் கொஞ்ச காலம் ஆகும். கேட்பதற்கு உங்களிடம் இப்போது ஒரு பிடிமானம் இருக்கிறது.

இரண்டு ஆண்டு பாண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டேனா?

பாண்டு எதற்கும் உதவாத காகிதம் என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள். தலையெழுத்து என்றும் எண்ணாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, பாண்டில் குறிப்பிட்டுள்ள தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எதுவோ அதைத்தான் கேட்க முடியும். உங்களுக்காகச் செலவிட்டுத் தனிப் பயிற்சி கொடுத்திருந்தால் நிறுவனத்தின் கை ஓங்கும். முதல் வாரம் பழைய பிபிடி கோப்புகளைப் படிக்கச் சொல்லிவிட்டு இரண்டு லட்சம் செலவானதாகக் கணக்குக் காட்டினால், அந்தக் கணக்கை அவர்கள் விளக்கியாக வேண்டும்.

ஆனால் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் வழங்கிய தீர்ப்பைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று அந்த வங்கி விதித்த நிபந்தனை செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. பொதுத்துறை வங்கி என்பதால் வெளிப்படையான நீண்ட தேர்வு முறையை நடத்தியே ஆள் எடுக்க வேண்டியிருக்கிறது, திடீரென்று விலகுவதால் அந்தச் செலவு மீண்டும் விழுகிறது என்பது அங்கே முக்கியமான காரணம். உங்கள் நிறுவனம் சிறிய தனியார் நிறுவனமாக இருந்தால் நிலைமை அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. பொருந்தாது என்று அலட்சியமாக இருப்பதற்கும் இல்லை. தொகை பெரியது என்றால், கடிதத்தை எடுத்துக்கொண்டு தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் ஒரு வழக்கறிஞரைச் சந்தியுங்கள்.

விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை வேறு விஷயம். ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் அது பொதுவாகச் செல்லாது. ரகசியத்தைக் காக்கும் கடமை மட்டும் விலகிய பின்னும் தொடரும்.

சொல்லாமல் நின்றுவிட்டால் என்ன? இரண்டே மாதம்தானே?

செய்யாதீர்கள். ‘அப்ஸ்காண்ட்’ என்ற ஒரு சொல் உங்கள் கோப்பில் ஏறிவிட்டால், ஐந்து ஆண்டு கழித்து வேறொரு நிறுவனத்தின் பின்புல விசாரணையில் அது மேலெழும். இரண்டு மாதம் வேலை பார்த்து ரிலீவிங் லெட்டரோடு வெளியே வந்தவரை நான் தயங்காமல் எடுத்திருக்கிறேன். இரண்டு ஆண்டு வேலை பார்த்துச் சொல்லாமல் நின்றவரை எடுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தர மறுக்கிறார்கள்.

தனியார் கல்லூரி ஆசிரியர்களும் செவிலியர்களும் இன்னமும் அதிகம் கேட்கும் கேள்வி இது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள். கல்விச் சான்றிதழ் சந்தையில் விற்கும் பொருள் அல்ல, அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை என்பது சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கும் கருத்து. பாக்கி இருக்கிறது என்று அவர்கள் நினைத்தால் அதற்கு வழக்குப் போடட்டும். சான்றிதழைப் பணயமாக வைக்க முடியாது. முதலில் கொடுத்த தேதியையும் பட்டியலையும் குறிப்பிட்டு மின்னஞ்சலிலும், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டிலும் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ். பெரும்பாலும் அந்த நோட்டீஸ் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே பூட்டு திறந்துவிடும்.

பி.எஃப். என்ன ஆகும்? இரண்டு மாதப் பணம்தானே, விட்டுவிடலாமா?

பணத்துக்காக இல்லாவிட்டாலும் பதிவுக்காகக் கவனியுங்கள். பி.எஃப். உறுப்பினருக்குத் தரப்படும் யூ.ஏ.என். எண் ஒன்றுதான், எத்தனை நிறுவனம் மாறினாலும் அதில்தான் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பதியும். விலகிய தேதியை நிறுவனம் பதியாமல் விட்டுவிட்டால், புது வேலையில் பழைய கணக்கை மாற்றும்போது தடங்கல் வரும். கடைசி மாதப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து, உறுப்பினர் தளத்தில் நீங்களே அந்தத் தேதியைப் பதிய வழி இருக்கிறது. பணத்தை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து ஆண்டுத் தொடர் சேவைக்கு முன் எடுக்கும் தொகைக்கு வரி உண்டு. மாற்றிவிட்டால் பழைய சேவையும் அந்த ஐந்து ஆண்டில் சேரும்.

அப்படியென்றால் இந்த இரண்டு மாதத்தைப் பயோடேட்டாவில் மறைக்க முடியாதா?

பி.எஃப். பிடித்திருந்தால் மறைக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்புல விசாரணை செய்யும் நிறுவனங்கள் யூ.ஏ.என். சேவைப் பதிவைத்தான் முதலில் கேட்கின்றன. சுருக்கமான பயோடேட்டாவில் அதை எழுதாமல் விடுவது ஒன்று. ‘இதற்கு முன் வேலை செய்த எல்லா இடங்களையும் எழுதுக’ என்று படிவத்தில் கேட்கும்போது எழுதாமல் விடுவது வேறு. பின்னது பொய். வேலை கிடைத்த பிறகும் அதற்காக நீக்கலாம்.

நேர்காணலில் காரணம் கேட்பார்கள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகாதீர்கள்: ‘டிசைன் வேலைக்குச் சேர்ந்தேன், அந்த இடம் காலியாகவில்லை என்று பிறகு தெரிந்ததால் முறையாக நோட்டீஸ் கொடுத்து விலகினேன்.’ இதைக் கேட்டு யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பழைய மேலாளரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறவரைப் பார்த்துத்தான் சுளிப்பார்கள். இப்படி ஒருமுறை நடந்தால் சறுக்கல். அடுத்தடுத்து மூன்று முறை என்றால், இடங்களை விட்டுவிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையைத்தான் நீங்கள் ஆராய வேண்டும்.

பழைய நிறுவனத்துக்கே திரும்பிப் போகலாமா? வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட எதுவும் இல்லை. தெரிந்த ஆள் திரும்பி வந்தால் பயிற்சி தேவையில்லை என்பது நிறுவனத்துக்கும் தெரியும். முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் கேட்டால் உங்கள் இருக்கை இன்னும் காலியாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் ஏன் அங்கிருந்து கிளம்பினீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். சம்பளம் ஏறவில்லை என்று கிளம்பியிருந்தால், திரும்பும்போதும் அதே சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ள மனம் இருக்கிறதா? புது இடத்தின் கசப்பு பழைய இடத்தின் கசப்பை மறக்கடித்துவிடும். ஆறே வாரத்தில் அது நினைவுக்கு வந்துவிடும்.

வருமான வரியில் ஏதாவது சிக்கல் வருமா?

ஒரே நிதியாண்டில் இரண்டு மூன்று இடங்களில் சம்பளம் வாங்கினால் வரும். புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. முந்தைய வேலையின் வருமான விவரத்தைக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே அந்தக் கழிவைக் கொடுத்து, குறைவாக வரி பிடிக்கும்; ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். புது இடத்தில் சேர்ந்த வாரமே பழைய சம்பளச் சீட்டுகளைக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

சட்டப் பிரிவுகளைக் கேட்க வருகிறவர்கள், எழுந்து போகும்போது கதவருகே நின்று கேட்கும் கேள்வி இது. கல்விக் கடன் ஓடிக்கொண்டிருக்கும். பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா நிறுவனத்தின் பெயரைப் பெருமையோடு சொல்லியிருப்பார். முதல் சம்பளத்தில் எடுத்த புடவையை அம்மா இன்னும் கட்டியிருக்கமாட்டார். ‘எண்ணித் துணிந்திருக்க வேண்டாமா?’ என்று ஒரு மாமாவாவது கேட்பார்.

ராஜினாமா கொடுத்த பிறகு சொல்லாதீர்கள், யோசித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லுங்கள். அதுவும் வெறுங்கையோடு போய்ச் சொல்ல வேண்டாம். மாதம் எவ்வளவு செலவு, கடன் தவணை எவ்வளவு, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நான்கு மாதமாவது தாங்கும் என்றால் வேலையை விட்டுவிட்டும் தேடலாம். தாங்காது என்றால் இருந்துகொண்டே தேடுங்கள். பெற்றோர் பயப்படுவது வேலை போவதை நினைத்து அல்ல, தவணை நிற்பதை நினைத்து. தாளில் அதற்குப் பதில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

டி.என்.பி.எஸ்.சி. மூலம் அரசு வேலையில் சேர்ந்தேன். அதுவும் ஒத்துவரவில்லை என்றால்?

விலகலாம், ஆனால் தனியார் வேலைபோல் இன்று போனால் நாளை வேறொன்று என்று திரும்ப முடியாது என்பதால் அவசரப்படாதீர்கள். துறையை மாற்ற விரும்பினால் அடுத்த தேர்வுக்குத் துறைக்குத் தெரிவித்துவிட்டு விண்ணப்பியுங்கள். தேர்வானால், புதுப் பணியில் சேருவதற்காகவே விலகுவதாகக் குறிப்பிட்டு, உரிய ஆணையோடு விடுவிக்கப்பட்டுச் செல்லுங்கள். தெரிவிக்காமல் எழுதித் தேர்வான பிறகு தடையின்மைச் சான்றுக்காக அலைந்தவர்களின் கதையை எந்த அலுவலகத்திலும் கேட்கலாம்.

ராஜினாமாக் கடிதத்தில் காரணம் எழுத வேண்டுமா?

வேண்டாம். ‘சொந்தக் காரணங்களால்’ என்பதே போதும். தகுதிகாண் காலத்தில் இருப்பதையும், கடிதத்தின் எந்தப் பிரிவின்படி எத்தனை நாள் நோட்டீஸ் தருகிறீர்கள் என்பதையும், உங்கள் கணக்குப்படி கடைசி வேலை நாள் எது என்பதையும் எழுதுங்கள். கடைசி நாளைத் தேதியாக எழுதுங்கள். ‘ஒரு மாதத்தில்’ என்று எழுதினால் அந்த மாதம் எப்போது தொடங்கியது என்பதிலேயே தகராறு வரும். அலுவலக மின்னஞ்சலிலிருந்து மேலாளருக்கும் பணியாளர் துறைக்கும் அனுப்பி, அதன் நகலை உங்கள் சொந்த முகவரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளன்று மாலை ஐந்து மணிக்கு அலுவலக மின்னஞ்சல் பூட்டப்பட்டுவிடும்.

ஒரு காரணத்தை மட்டும் எழுத்தில் வைக்கச் சொல்வேன்: சம்பளம் தராதது, தொல்லை, பொய்க் கையெழுத்து போன்றவற்றால் விலகுகிறீர்கள் என்றால், ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் புகார் கொடுக்கப் போனால், அந்தக் கடிதத்தையே உங்கள்முன் நீட்டுவார்கள். மற்றபடி, அடையாள அட்டை, மடிக்கணினி, சார்ஜர் ஆகியவற்றைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜரை மறந்துவிட்டுப் போய், மூவாயிரம் ரூபாய் பிடித்தத்துக்காக மூன்று மாதம் போனில் பேசிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் துறையில் மாதம் ஒருவராவது இருக்கிறார்கள்.